ஒரு சுற்று முன்னால் ஜெயித்தவள்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கணக்கு மறந்துவிடும். சாதாரண நாளில் பதினேழாம் வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பயந்துவிட்டேன் என்றால், ஒன்றுக்கு அடுத்தது இரண்டுதானா என்பதே சந்தேகமாகிவிடும். இந்தக் குறையோடு ஒருத்தி கணக்காளராகக்கூட ஆகலாம் (ஆகியிருக்கிறேன்). ஆனால் சைக்கிள் பந்தயத்துக்கு மட்டும் போகக் கூடாது. மூன்றே சுற்று உள்ள பந்தயமாக இருந்தாலும் கூடாது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. புக்கிட் ரம்பாயில் ஒரு தாமான் குடியிருப்பில் வீடு. அப்பா தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அம்மா, பக்கத்து ஊரான பத்து பெரண்டாமில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பார். நான் சைக்கிள் வீராங்கனை ஆனது முழுக்க முழுக்க விபத்து. ஒரு நாள் பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு லாரியை முந்திக்கொண்டு போனேன். அதைப் பார்த்துவிட்டு விளையாட்டு ஆசிரியர் சேகு ரோஸ்லான் என்னைத் திட்டுவதற்காகத்தான் கூப்பிட்டார். கால் மணி நேரம் திட்டினார். திட்டி முடித்த பிறகு, மாநில அணிக்கு ஆள் தேடுகிறார்கள், சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.

ஓடுதளப் பந்தயம் எப்படி என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய கிண்ணத்தின் உள்பக்கம் போலச் சரிந்த சிமெண்டுப் பாதை. சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பெடலை நிறுத்தவும் முடியாது, சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியே ஆக வேண்டும். ஸ்பிரின்ட் என்பது இரண்டு பேர் மட்டும் மோதும் போட்டி. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும், பின்னால் வருகிறவர் அந்த மறைவில் சுகமாக வந்து கடைசியில் முந்திவிடுவார். அதனால் யாருமே முன்னால் போக ஆசைப்பட மாட்டார்கள். இரண்டு சுற்று ஊர்ந்துகொண்டே இருப்பார்கள், சில சமயம் சைக்கிளோடு அப்படியே அசையாமல் நிற்பார்கள். கடைசிச் சுற்று தொடங்கும்போது ஒரு கைமணியை அடிப்பார்கள். அதன் பிறகுதான் உயிரைக் கொடுத்து மிதிப்பது.

முதல் தடவை இதைப் பார்த்த அப்பா, பசாருக்குக் கீரை வாங்கப் போகிற அங்கிள்கூட இதைவிட வேகமாகப் போவார் என்றார்.

அம்மாவுக்கு அந்த அளவு நகைச்சுவைகூட வரவில்லை. அது பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதும் வருடம். தேசிய அளவிலான இளையோர் போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்த கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்து மேசைமேல் வைத்தார்.

"இந்த ஒரு போட்டிதான் ஷாலு. மெடல் வந்தா ஓட்டு. வரலைன்னா சைக்கிளை சேகுகிட்ட குடுத்துட்டு வந்து படி."

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் வீட்டில் குரல் உயராமல் வரும் வார்த்தைக்குத்தான் அப்பீல் கிடையாது.

போட்டி வேறு மாநிலத்தில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். என் ஆட்டத்தைப் பார்க்க ஒரு வேனில் பதினொரு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிகூட வந்திருந்தார் (அவருக்குச் சைக்கிளில் ஆர்வம் இல்லை, வேனில் இடம் இருந்தது). அண்ணன் குமரேசன் படுக்கை விரிப்பில் என் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதி எடுத்து வந்திருந்தான். அத்தனை பேரையும் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே கலக்கியது.

ஸ்பிரின்ட் உடை கழுத்திலிருந்து தொடைவரை ஒரே துண்டு. அவசரத்துக்குக் கழற்றுவதென்றால் பாம்பு சட்டை உரிப்பதுபோல உரிக்க வேண்டும். அன்று காலையிலிருந்து ஏழு தடவை உரித்தேன். ஏழாவது தடவை ஜிப் சிக்கிக்கொண்டது. அம்மா வந்துதான் இழுத்துவிட்டார். அந்த உடையில் என்னை அம்மா பார்ப்பது அதுதான் முதல் தடவை. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சட்டை போட்டிருக்கியா, இல்ல பெயின்ட் அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிய அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. அதை நான் அப்போது கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

அரையிறுதியில் நான் தோற்ற விதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பெண் போன பிறகு காற்று மட்டும்தான் தெரிந்தது. மிச்சமிருந்தது வெண்கலப் பதக்கம். அதற்கு என்னோடு மோதியவள் திரங்கானுவைச் சேர்ந்த ஐனா. என்னைவிட ஒரு தலை குட்டை, ஆனால் அவளுடைய ஒரு தொடை என்னுடைய இரண்டுக்குச் சமம். முதல் ஓட்டம் எனக்கு. இரண்டாவது அவளுக்கு. மூன்றாவதில் ஜெயிப்பவருக்குப் பதக்கம்.

நடுவில் கிடைத்த இடைவெளியில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, சேகு ரோஸ்லான் முகத்துக்கு நேரே குனிந்து மலாயில் சொன்னார்: நீ முன்னால் போகிறாய், அவளைப் பின்னாலேயே அடக்கி வை, மணி கேட்டதும் போ. வேறு எதையும் யோசிக்காதே. நான் தலையாட்டினேன். ஆசிரியர் சொல்லை நான் அவ்வளவு முழுமையாகக் கடைப்பிடித்தது அந்த ஒரு தடவைதான். வேறு எதையும் யோசிக்கவில்லை. எத்தனையாவது சுற்று என்பதையும் சேர்த்து.

விசில் ஊதினார்கள். நான் முன்னால், ஐனா பின்னால். கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தேன். இரண்டாவது வளைவில் அவள் நின்றாள். நானும் நின்றேன். அந்தச் சரிவில் சைக்கிளோடு அசையாமல் நிற்பது சாதாரண விஷயமில்லை. தொடை நடுங்கும், கைப்பிடி வழுக்கும். கொஞ்சம் விட்டால் கிண்ணத்தின் அடிக்குத்தான் போக வேண்டும். அரை நிமிடம் நின்றிருப்போம். எனக்குப் பள்ளியில் ஒரு தவணைக் காலமே ஓடிய மாதிரி இருந்தது. பதக்கம், சேகுவிடம் திரும்பப் போகும் சைக்கிள், வேதியியல் புத்தகம், படுக்கை விரிப்பில் பெயர், எட்டாவது தடவை கழிவறை. எல்லாம் மண்டைக்குள் வரிசையாகப் போயின. இது முதல் சுற்றா, இரண்டாவதா என்று ஒரு கேள்வியும் அந்த வரிசையில் வந்தது. பதில் வருவதற்குள் ஐனா அசைந்தாள். மறுபடியும் ஊர்ந்தோம். கடைசி வளைவைத் தாண்டினோம்.

மணி அடித்தது.

கணீர் கணீரென்று, சந்தேகமே இல்லாமல் கைமணி. நான் இருக்கையை விட்டு எழுந்து மிதித்தேன். அப்படி நான் அதற்கு முன்னும் மிதித்ததில்லை, பின்னும் மிதித்ததில்லை. கோட்டைத் தாண்டி முதல் வளைவுக்குள் பாய்ந்தபோது திரும்பிப் பார்த்தேன், ஐனா முப்பது மீட்டர் பின்னால் கிடந்தாள். (இவளுக்கு ஏதோ புது உத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தான் பயந்துபோனதாகப் பிறகு சொன்னாள்.) கண்ணில் நீர், வாயில் இரும்பு ருசி, தொடையில் தீ. கடைசி நேர்பாதையில் எங்கள் வேன்காரர்கள் எழுந்து நின்று கத்துவது தெரிந்தது. கோட்டைத் தாண்டினேன். தாண்டிய அதே நொடியில் மறுபடியும் மணி அடித்தது.

வெற்றி பெற்றவருக்கு மணி அடிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். என்ன மரியாதை தெரிந்த மனிதர்கள்.

இரண்டு கைகளையும் தூக்கினேன். சரிவின் உச்சிக்கு ஏறி, பார்வையாளர் பக்கம் பார்த்துக் கையாட்டினேன். உள்ளே புல்தரையில் சேகு ரோஸ்லான் குதித்துக்கொண்டிருந்தார். ஒரு விரலைக் காட்டிக் காட்டி ஏதோ கத்தினார். 'நம்பர் ஒன்' என்கிறார் என்று எடுத்துக்கொண்டு நானும் ஒரு விரலைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஆனந்தத்தில் மனிதர் இப்படியா ஆவார் என்று எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பாதி வளைவு போன பிறகுதான் அவர் கத்தியது காதில் விழுந்தது.

"லாகி சத்து! லாகி சத்து!"

இன்னும் ஒன்று. இன்னும் ஒரு சுற்று.

அதே நேரம் எனக்குக் கீழே, சரிவின் அடியோரமாக, ஐனா போனாள். போகிற போக்கில் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று விசாரிப்பது மாதிரி இருந்தது. நான் மிதித்தேன். மிதித்தேன் என்று எழுதுகிறேனே தவிர, காலுக்குப் பதில் இரண்டு சிமெண்டு மூட்டைகள்தான் சுற்றின. அவள் கோட்டைத் தாண்டி, கைதட்டல் அடங்கி, சைக்கிளை விட்டு இறங்கும் நேரத்தில் நான் வந்து சேர்ந்தேன். பதினொரு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். படுக்கை விரிப்பின் ஒரு முனையை அண்ணன் மெதுவாகக் கீழே இறக்கினான்.

முதல் மணி எங்கிருந்து வந்தது என்பதையும் அண்ணன்தான் கண்டுபிடித்தான். கூரையில்லாத மைதானம். வேலிக்கு வெளியே, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் விற்கும் ஒரு பாக்சிக், வயதான மலாய்க்காரர், நின்றிருந்தார். கையில் மணி. சேகு ரோஸ்லான் நடுவர்களிடம் போய் முறையிட்டார். ஐஸ்கிரீம் விற்பவருக்குப் போட்டி விதிகள் பொருந்தாது என்று அவர்கள் மிகவும் பணிவாகச் சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் வேனில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, சைக்கிளை சேகுவிடம் ஒப்படைக்கும் காட்சியை மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன். தம்பின் என்ற ஊரைத் தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல்தான் அழுதேன், ஆனால் பக்கத்தில் இருந்தது அம்மா.

"சைக்கிளைக் குடுக்க வேணாம்," என்றார். "இன்னும் ஒரு வருஷம் ஓட்டு. படிக்கவும் செய்."

நான் நம்பாமல் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் என் முட்டாள்தனத்தின் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. தோற்றது தெரிந்தும் கடைசிவரை மிதித்த மகளின் மனஉறுதியைக் கண்டு அம்மாவின் மனம் இளகிவிட்டது என்று முடிவு கட்டினேன். கட்டியதோடு விடவில்லை. பள்ளிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். கல்லூரி நேர்காணலில் சொன்னேன். முதல் வேலைக்குப் போனபோது, உங்கள் பலம் என்ன என்று கேட்டவரிடமும் இதையே சொன்னேன், அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். குடும்ப விழாக்களில் நான் இதை விவரிக்கும்போதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொள்வார் அல்லது சமையலறைக்குப் போய்விடுவார். அதைத் தன்னடக்கம் என்று நினைத்தேன். நடுவில், அடுத்த ஆண்டு அதே போட்டியில் வெண்கலம் வாங்கினேன். அது இன்றுவரை யாருக்கும் நினைவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து என் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அம்மாவும் நானும் காரில் சுற்றிக்கொண்டிருந்தோம். புக்கிட் பெருவாங் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் வந்து நின்று மணியடித்தது. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. மடியில் இருந்த பத்திரிகைகளை அடுக்கினார், கலைத்தார், மறுபடியும் அடுக்கினார்.

"அன்னைக்கு அந்த பாக்சிக்கக் கூப்பிட்டது நான்தான்," என்றார்.

சிக்னல் பச்சையானது எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

காரை ஓரம் கட்டிய பிறகு, விட்டுவிட்டுச் சொன்னார். மூன்றாவது ஓட்டம் தொடங்கியதும் அவரால் பார்க்க முடியவில்லையாம். நெஞ்சை அடைத்ததாம். எழுந்து வேலிப் பக்கம் போய், ஓடுதளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தப் பக்கமாகப் போன பாக்சிக்கைப் பார்த்து, எதையாவது செய்ய வேண்டுமே என்று கையை ஆட்டியிருக்கிறார். இதோ வருகிறேன் என்பதற்கு அந்த நல்ல மனிதர் மணியை அடித்திருக்கிறார்.

"அப்ப நீங்க சைக்கிள ஓட்டச் சொன்னது?"

"பின்ன என்ன செய்யச் சொல்ற லா. மெடலக் கெடுத்தது நானு. சைக்கிளையும் எப்படிப் புடுங்குறது."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்த ஐஸ்கிரீமையாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்க சாப்ட்டேன்? திரும்புனா நீ ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு வர்ற. ஜெயிச்சிட்டன்னு நானும் தூக்கிட்டேன். அது கீழ விழுந்துருச்சு."

நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தேன், அம்மாவும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் இருவர் கண்ணிலும் நீர். அன்று மிச்சமிருந்த நான்கு வீடுகளுக்கும் நாங்கள் பத்திரிகை வைத்த லட்சணத்தைப் பார்த்தவர்கள், கல்யாணத்தில் ஏதோ சிக்கல் என்றே நினைத்திருப்பார்கள்.

சாயங்காலத்துக்குள் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அன்று தொடங்கியது இன்றுவரை ஓயவில்லை. எங்கள் வீட்டில் யாராவது இலையில் எல்லாம் பரிமாறும் முன்பே கை வைத்தாலும், ஐந்து மணி விமானத்துக்குக் காலை பத்து மணிக்கே கிளம்பினாலும், "எந்த மணி கேட்டுச்சு?" என்று ஒருவர் கேட்பார். மற்றவர்கள் அம்மாவைப் பார்ப்பார்கள்.

கல்யாணத்தன்று ஐயர் கையை அசைத்தார். மேளம் அதிர்ந்தது. மாப்பிள்ளை தாலியோடு என் பக்கம் திரும்பினார். பதற்றத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோய், நிமிர்ந்து விறைத்து உட்கார்ந்திருந்தேன். அப்போது பின்னாலிருந்து அப்பா என் காதருகே குனிந்தார்.

"குனிம்மா. இது நம்ம மணிதான். நான் விசாரிச்சிட்டேன்."

தாலி கட்டும் அந்தப் படம் இன்று எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. மணப்பெண் வாயைத் திறந்து சிரிக்கிறாள். அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி வேறெங்கோ பார்க்கிறார். மாப்பிள்ளை, நாம் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல், தாலியின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி முழிக்கிறார்.