வொலிபோல் பையனுக்காக அழுத நாள்

நான் இதுவரை ஒரு வொலிபோலைத் தொட்டதுகூட இல்லை. அப்படியிருந்தும், எனக்குக் கூடிவந்த நல்ல சம்பந்தம் ஒன்று அந்த விளையாட்டால்தான் கெட்டது.

அன்றைக்குத் தலவாக்கலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வாத்தியார். போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது (அம்மாவிடம் "பரவாயில்ல" என்று மட்டும் சொல்லியிருந்தேன்). காலையிலேயே சேலை கட்டி, பூ வைத்து உட்காரவைத்துவிட்டார்கள். சும்மா இருக்க முடியாமல் போனில் ஒரு படம் போட்டேன். வெயில், கடற்கரை, மணலில் வொலிபோல் ஆடும் ஒரு பையன், அவனை விரும்பும் ஒருத்தி. கொட்டகலைக் குளிரில் இருந்த நான் அந்தக் கடற்கரையிலேயே குடியேறிவிட்டேன்.

கடைசியில் பையன் ஃபைனலில் ஜெயிக்கிறான். அவளோ பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஜெயித்த கப்பை மணலில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடுகிறான். பஸ் நகர்கிறது. கையை நீட்டுகிறான்...

டேட்டா முடிந்துவிட்டது. வாசலில் வேன் வந்து நின்றது.

தேத்தண்ணித் தட்டோடு போனேன். கண்ணீர் நிற்கவே இல்லை.

"ஏம்மா அழுவுற? விருப்பமில்லையா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அதில்லீங்க... அந்தப் பையன் பாவம்."

"எந்தப் பையன்?"

"வொலிபோல் விளையாடுற பையன்." (அறிவிருந்தால் 'படத்துல' என்று ஒரு சொல் சேர்த்திருப்பேன்.)

அப்பாவின் வடை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

விக்கி விக்கிப் படத்தின் பெயரைச் சொன்னேன். மாப்பிள்ளை நிமிர்ந்தார். அவர் பார்த்திருக்கிறார்! ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அழாதீங்க. பஸ்ஸு போயிரும். அவளுக்கு வேற எடத்துல கல்யாணமாகி நல்லாத்தான் இருப்பா" என்றார்.

அவ்வளவுதான். நான் வைத்த ஒப்பாரியில், எழவு விழுந்துவிட்டதென்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"படமோ நெசமோ, நல்ல காரியத்துல இப்படி அழுதா வெளங்காது." மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். வேன் திரும்பிப் போய்விட்டது.

படக்கதையை அப்பா நம்பவே இல்லை. அன்று சாயங்காலமே தோட்டத்து மைதானத்துக்குப் போய், வொலிபோல் ஆடிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிறுத்தி, "உங்கள்ல யாருடா?" என்று கேட்டிருக்கிறார். ஒருத்தன்கூட "நான்தான்" என்று முன்னுக்கு வரவில்லையாம். (அந்த அவமானம் தனி.)

போன மாதம் அத்தை மகள் கல்யாணம். தாலி ஏறும்போது பெண் கண் கலங்கினாள். சித்தப்பா சத்தமாக, "என்னம்மா, நீயும் படம் பாத்தியா?" என்றார். மண்டபமே சிரித்தது. கல்யாணப் பெண்ணும் சிரித்துவிட்டாள். நான் மட்டும் கையிலிருந்த அட்சதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.