தெற்கே விழுந்த நிழல்

சூரியன் தெற்கு மலைக்குப் பின்னால் போய் முப்பத்தெட்டு நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தன. பர்தாங் பள்ளத்தாக்கில் அந்த ஊருக்கு இது புதிதல்ல. ஆண்டுதோறும் ஐம்பது நாள் மலை மறைக்கும். பிறகு சூரியன் தானாக வரும். அதற்காக யாரும் ஆடு கொடுத்ததில்லை.

இந்த ஆண்டு கொடுத்தார்கள். உஸ்தாத் நசர்ஷோ நண்பகலில் கையை உயர்த்தினால் ஊர் முற்றத்தில் வெயில் விழுந்தது. திங்கள், வியாழன் மட்டும். சூரியனுக்கும் ஓய்வு வேண்டாமா? ஆறு ஊர்க் கூட்டம் ஆடும் அக்ரூட் கொட்டையும் சுமந்து வந்தது. போன குளிர்காலம் வரை உஸ்தாத் பள்ளிக்கூட அடுப்புக்கு விறகு போட்டவர். மகானும் எங்காவது வேலை பார்த்துத்தானே ஆக வேண்டும்.

அங்கே உழவர்கள் பருவத்தை மனித உடம்பில் எண்ணுவார்கள். குளிர் தணிந்ததும் சூரியன் கால் நகத்தில் ஏறும். பிறகு முழங்கால், இடுப்பு, நெஞ்சு, தலை. எப்போது உழுவது என்று தெரிந்துகொள்ள ஏற்பட்ட கணக்கு. நசர்ஷோ அதை வைத்தியமாக்கிவிட்டார். முழங்கால் வலியா? சூரியனை முன்கூட்டியே முழங்காலுக்கு ஏற்றித் தருவார், ஓர் ஆடு. நெஞ்சுக்கு இரண்டு.

முனவ்வராவின் அப்பா குர்பானுக்கு நெஞ்சில் காசநோய். மாத்திரையும் சூரியனும் ஒன்றையொன்று முறித்துவிடும் என்று உஸ்தாத் சொன்னார். மாத்திரையை நிறுத்திப் பதினொரு நாள். இப்போது இருமினால் ரத்தம்.

முனவ்வரா அந்த ஊர்ப் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை. தலைநகர் துஷான்பேயில் பட்டம் வாங்கியவள். ஒளியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதுவாள்; கூட்டத்தில் "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்ல வராது. இந்த வெயிலைப் பற்றி அவளுக்கு ஓர் உண்மை தெரியும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அப்பா. மூன்று முறை அப்பாவிடம் சொல்லப் போனாள். மூன்று முறையும் தேநீர் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். போன வியாழக்கிழமை அவளே வரிசையில் நின்று, பேசுவதற்குத் தைரியம் கொடு என்று அந்த வெயிலிடமே வேண்டிக்கொண்டாள்.

இன்று திங்கள். பக்கத்து வீட்டு சோனா அவளைப் பார்த்துப் பூரித்தாள். "டீச்சரம்மாவே வந்துட்டீங்களா! படிச்சவங்களே வந்தா அப்புறம் நெசம்தானே!"

முனவ்வரா சிரித்து வைத்தாள். வேறென்ன தெரியும் அவளுக்கு?

நசர்ஷோ தொண்டையைச் செருமினார். "கிரேக்கன் சூரியனைக் கும்பிட்டான். ஈரான்காரன் கும்பிட்டான். எகிப்துல ராஜாவே கும்பிட்டான். இந்தியாவுல இன்னிக்கும் பொங்கல் வச்சுக் கும்பிடுறான். அத்தனை பேரும் கிறுக்கனுங்களா?"

கையை உயர்த்தினார். வெயில் விழுந்தது.

"தலையைத் தூக்காதீங்க! கண்ணு அவிஞ்சிடும்!"

கூட்டம் குனிந்தது. அந்த வெயிலில் சூடே இல்லை. ஆனாலும் சோனா கம்பளிச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, "யப்பா, வேகுது" என்றாள். குர்பான் நெஞ்சைத் திறந்து காட்டினார். இருமினார். கைக்குட்டை சிவந்தது.

"அப்பா," என்றாள் முனவ்வரா. குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "குனிஞ்சுதானே இருக்கீங்க. உங்க நிழலைப் பாருங்க. எந்தப் பக்கம் விழுது?"

சோனா முந்திக்கொண்டாள். "தெக்கு மலைப் பக்கம்."

"சூரியன் எங்க இருக்கு?"

"அதே தெக்கு மலைக்குப் பின்னா..." சோனா வாயை மூடிக்கொண்டாள்.

"அதான் அற்புதம்!" என்றார் நசர்ஷோ.

கூட்டம் தலையாட்டியது. அவர் சொன்ன வேகத்தில் முனவ்வராவே பாதி நம்பிவிட்டாள்.

குர்பான் மட்டும் மெல்ல வடக்கே திரும்பினார். கண் அவியவில்லை. நிஜ வெயில் படும் வடக்குச் சரிவின் உச்சியில் ஆறு சதுரங்கள் பளபளத்தன. பின்னால், அவற்றைப் பொருத்திய சட்டத்தைப் பிடித்தபடி உஸ்தாதின் மைத்துனர். அவர் ரொட்டியைக் கடிக்கக் கையை எடுத்தார். முற்றத்துச் சூரியன் பள்ளிக்கூடக் கூரைக்குத் தாவியது.

"மச்சான் சவரம் பண்றான்பா," என்றார் நசர்ஷோ.

"ஆறு கண்ணாடியிலயா?" என்றாள் சோனா.

சிரிப்பு எழுந்தது. குர்பான் சிரிக்கவில்லை. இரண்டு ஆடு கொடுத்தவருக்குச் சிரிப்பு அவ்வளவு சுலபமில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பெரிய கண்ணாடி இந்தப் பள்ளத்தாக்குல ஏது? மேலேர்ந்துதான் இறங்கியிருக்கணும். இல்லேன்னா எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லு பாப்போம். இப்பவே மாத்திரையை முழுங்குறேன்."

நசர்ஷோ முனவ்வராவைப் பார்த்துப் புன்னகைத்தார். இவள் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

அவள் பையிலிருந்து மாத்திரையை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்துப்பா. சூரிய அடுப்பு செய்ய வந்த கண்ணாடி. எப்படிச் சாய்ச்சா வெளிச்சம் எங்க போகும்னு கத்துக் குடுத்து, ஆறையும் இவர் கையில தூக்கிக் குடுத்தவ நான்தான். ரொம்ப சந்தோஷமாக் குடுத்தேன். மூணு வருஷமா பாடம் நடத்துறேன், இந்த ஊர்லயே என்கிட்ட 'அது எப்படி?'ன்னு கேட்டது இவர் ஒருத்தர்தான்."