மாடியில் இருமிய லியாண்டர்

வருகிற மார்ச்சிலும் பனிக்கடலுக்குப் போய்க் கடல்நாய் சுட்டே தீருவது என்று லியாண்டர் முடிவெடுத்தான். முடிவெடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதை மனைவி ட்ரூசில்லாவிடம் சொல்வதற்குள்தான் நாக்கு உலர்ந்துவிட்டது.

“போன தடவை பனிப்பாளத்துக்கு நடுவுல விழுந்த. அந்த முட்டியோட திரும்பவும் போறியா?”

“நான் போகலைன்னா அவங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடும்டி!”

“எவங்க?”

“அதான், நாம கடல்நாயைக் கொல்றோம்னு நம்ம நண்டை வாங்க மாட்டேங்கிறாங்களே, அமெரிக்கா ஓட்டல்காரங்க! மாட்டைத் தின்னு ஏப்பம் விட்டுட்டு, கடல்நாய்க்குக் கண்ணீர் விடறாங்க!”

“நான் ஒண்ணும் கடல்நாய்க்காக அழல. போன கோடையில பாதி நாள் நண்டு கம்பெனியில எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உன் ரோஷத்துக்கு என் பிழைப்புதான் கிடைச்சுதா?”

“எங்கப்பா போனார். எங்க தாத்தா போனார்.”

“தாத்தா திரும்பி வரலையே.”

லியாண்டர் தேநீரைக் குடித்தான். கொதித்துக்கொண்டிருந்தது. அதையும் காட்டிக்கொள்ளவில்லை.

படகுத் தலைவன் அப்சலோம் கறாராகச் சொல்லிவிட்டான். “ட்ரூசில்லா தன் வாயால சரின்னாதான் உன்னை ஏத்துவேன். நாளைக்கு நானும் இந்த ஊர்ல நடமாடணும்ல? சனிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வரேன், அன்னிக்கே சொல்லிடணும்.”

அவளுடைய ‘சரி’யை எப்படி வாங்குவது? கிறிஸ்துமஸ் கைகொடுத்தது. அந்த நாட்களில் நியூஃபவுண்ட்லாந்து கரையோரம் முழுக்க வேஷக்காரர்கள் வீடு வீடாக வருவார்கள். முகத்தில் ஜன்னல் திரை, முதுகில் தலையணை. குரல் தெரியாதிருக்க மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுவார்கள். யாரென்று வீட்டார் கண்டுபிடித்த பிறகுதான் திரையை விலக்கலாம். ட்ரூசில்லா எதற்கும் அஞ்சாதவள். கண்டுபிடிக்க முடியாத வேஷக்காரன் என்றால் மட்டும் வெலவெலத்துப் போவாள். சிறுமியாக இருந்தபோது அப்படி ஒருவன் வந்து, பேசாமல் நின்று, தரையெல்லாம் கடல்நீரைச் சொட்டவிட்டுப் போனானாம். அந்த வாரமே அவள் மாமன் கடலோடு போய்விட்டான்.

சனிக்கிழமை வந்தது. “தலைவலி” என்று லியாண்டர் மாடியேறிப் படுத்தான். படுத்த வேகத்தில் ஜன்னல் வழியாகத் தாழ்வாரக் கூரையில் இறங்கினான். கொட்டகையில் முன்பே ஒளித்து வைத்திருந்த மனைவியின் நைட்டியை மாட்டி, திரையைப் போர்த்தி, ஒரு வாளி உப்புத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். எலும்பு வரை குளிர் ஏறியது. துறைக்கு வெளியே பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. அந்தச் சத்தத்தில் யாரோ தன் பெயரைச் சொல்வதுபோல் இருக்க, கால்கள் தாமாகவே வேகமெடுத்தன.

கதவைத் தட்டினான். சமையலறையில் ட்ரூசில்லாவும் அப்சலோமும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டியது. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“உன் புருஷனைப் பனிக்கு அனுப்பு,” என்று மூச்சை உள்ளிழுத்தான் லியாண்டர். “அனுப்பலைன்னா... கடல் வீடு தேடி வரும்.”

“யா... யாரு? மீன்கடை இசைக்கா?”

தலையாட்டினான், இல்லையென்று.

“மாதா கோயில் மணியடிக்கிறவரா? எதுக்கும் கொஞ்சம் ஆடிக் காட்டு, கண்டுபிடிக்கறேன்.”

வேஷம் போட்டால் ஆட மறுக்கக்கூடாது. ஆடினான். மூன்றாவது சுற்றில் முட்டி மடங்கி மேசையைப் பிடித்துக்கொண்டான்.

“பாவம்,” என்றான் அப்சலோம். “இந்த முட்டியை வச்சுக்கிட்டு இவன் வீட்டு வாசலைத் தாண்டறதே பெரிசு.”

“எனக்குப் பயமா இருக்கு, அப்சலோம்,” என்று எழுந்த ட்ரூசில்லா மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “லியாண்டர்! கொஞ்சம் எழுந்திரேன்!”

திரைக்குள்ளே சிரித்துக்கொண்டான் லியாண்டர். மாடியில் ஓர் ஈகூடக் கிடையாது.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது.

யாரோ இருமினார்கள். முதலில் இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு நீள இருமல். நாற்பது வருடமாக அவன் இருமி வரும் அதே இருமல். பிறகு ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம். படியின் உச்சியில், இருட்டில் அது நின்றது.

“என்னடி?” என்றது அவனுடைய குரல்.

லியாண்டரின் முதுகில் சொட்டிய தண்ணீர் அப்படியே உறைந்துவிட்டது. தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். கை இருந்தது. அப்படியானால் மேலே இருப்பது யார்? மேலே இருப்பது அவன்தான் என்றால், இங்கே நைட்டியில் நிற்பது யார்?

“அப்சலோம் பதில் கேட்டு வந்திருக்கார்!” என்றாள் ட்ரூசில்லா.

“நான் வரலப்பா,” என்றது குரல். “முட்டி தாங்காது. வேற ஆளைப் பாத்துக்க.”

“அதுவும் சரிதான்,” என்று அப்சலோம் தொப்பியை எடுத்தான். “இசைக் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான். இன்னிக்கே சொல்லிடறேன்.”

“இல்ல! அவன் வருவான்!” என்று அலறப் பார்த்தான் லியாண்டர். பயத்திலும் மூச்சு உள்நோக்கியே போனது. விக்கல் மாதிரி ஏதோ வெளியே வந்தது. அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

கூரைமேல் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. ஜன்னலுக்குள் பார்த்தான். அவன் கட்டிலில், அவன் குல்லாயோடு, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் உருவம் கிடந்தது. அது மெல்ல எழுந்தது. ஜன்னலை நோக்கி நொண்டி நொண்டி வந்தது. லியாண்டருக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோயிற்று.

ஜன்னல் திறந்தது.

“சீக்கிரம் உள்ள வா மச்சான், குளிருது,” என்றான் ட்ரூசில்லாவின் தம்பி கார்லண்ட், ஊரில் அத்தனை பேர் குரலையும் பேசிக் காட்டுகிறவன். “அக்கா நைட்டியையும் திரையையும் காலையில தேடினாளா, கொட்டகையில வாளியோட கிடந்துச்சு. பக்கத்து அறையில என்னை மத்தியானத்துலேர்ந்து உட்கார வச்சுட்டா. ஜன்னல்ல இறங்கறப்ப நல்லாத்தான் முனகின நீ.”

லியாண்டர் நொண்டிக்கொண்டு கீழே ஓடினான். அப்சலோம் போய்விட்டிருந்தான். ட்ரூசில்லா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்பவே போய் அப்சலோம்கிட்ட உண்மையைச் சொல்றேன்! மாடியில பேசினது நான் இல்லைன்னு!”

“தாராளமா சொல்லு,” என்றாள் அவள், துணியைப் பிழிந்தபடி. “அப்ப கீழ என் நைட்டியில ஆடினது யாருன்னு அவரே கண்டுபிடிச்சுப்பார்.”