நத்தைக்கு அனுமதி கேட்டுப் பதினாலு கடிதங்கள்

யாரிடம் கெஞ்ச வேண்டுமோ அவரை முதலில் திட்டிவிடுவது என் பிறவிக்குணம். பெண் பார்க்க வந்த அன்றே, காபி ஆறிப்போனதற்கு நீங்கள் நேரம் கழித்து வந்ததுதான் காரணம் என்று வருங்கால மாமியாரிடம் சொன்னவள் நான். (அவர் அன்றைக்குச் சிரித்தார். அதற்குப் பிறகு பல வருடம் சிரிக்கவில்லை.) ஆனாலும் என் கோபத்தின் வரலாற்றில் முதலிடம் அதற்குக் கிடையாது. ஒரே ஒரு மனிதரின் கையெழுத்துக்காக ஒன்றரை வருடம் தவம் கிடந்துவிட்டு, அந்த மனிதரையே பட்டுக்கடையில் பத்துப் பேர் முன்னால் திருடன் என்று சொன்ன நாளுக்குத்தான் அந்தப் பெருமை.

முதலில் நத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் அலமேலு என்கிற நத்தையோடு வளர்ந்தவர்கள். முதுகில் இருக்கும் வீடு நனைந்துவிடக் கூடாதே என்று மழைக்காலம் முழுக்கக் குடை பிடித்துக்கொண்டு போகிற நத்தை. அதை எழுதியவரும் வரைந்தவரும் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. கட்டம் போட்ட தாளில் பகலெல்லாம் தறிக்காக மயிலும் அன்னமும் போடுவார். மிஞ்சிய தாளில் அலமேலு. உள்ளூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுவர் பத்திரிகையில் அந்தக் கதைகள் வந்தன. எங்களுக்கெல்லாம் அவர் நத்தையம்மா.

அவர் இறந்தபோது ஊர் ஒன்றும் செய்யவில்லை. நத்தையை மட்டும் ஊரே எடுத்துக்கொண்டது. நர்சரி பள்ளிச் சுவர், ஸ்கூல் வேன், குடைக் கடை போர்டு, குழந்தை டாக்டரின் மருந்துச் சீட்டு என்று எங்கே பார்த்தாலும் அலமேலு. ஓர் இடத்திலாவது வரைந்தவர் பெயர் இருக்க வேண்டுமே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஸ்கூல் வேனை நடுத்தெருவில் மறித்து டிரைவரிடம் நியாயம் கேட்டிருக்கிறேன். அவர் பாவம், வேன் வாங்கும்போதே நத்தை இருந்தது என்றார்.

நான் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவள். வேலை இல்லாத நேரத்தில் நத்தையம்மாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வருடம் ஓடியது. தாமலில் ஒருவர் வீட்டுப் பரண், வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மண்டி (பொட்டலம் மடிக்கப் போனவரின் கையிலிருந்து பிடுங்கினேன்) என்று அலைந்து பழைய இதழ்களைச் சேர்த்தேன். நாற்பத்தொரு படங்களை ஸ்கேன் செய்து, கறை, புள்ளி, மை சிந்தியது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பளிங்கு மாதிரி ஆக்கினேன். அச்சுத் தொழிலில் இருப்பவளுக்கு அழுக்குப் படத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

சென்னைப் பதிப்பாளர் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு மேடம். படங்களுக்கு வாரிசோட கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க" என்றார். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வாரிசு ஒரே மகன். பெயர் ஏகாம்பரம். (எங்கள் பகுதியில் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஓர் ஆட்டோவும் நிற்கும்.) பத்திரிகையின் பழைய ரிஜிஸ்டரிலிருந்து விலாசம் கிடைத்தது. என் கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். இரண்டு முறை பகலில் போனேன், பூட்டியிருந்தது. மூன்றாவது முறை போயிருக்கலாம். ஆனால் பதிப்பாளர், எல்லாம் பதிவுத் தபாலில் இருந்தால் சட்டத்துக்கு நல்லது என்று சொல்லிவைத்திருந்தார். ஆகவே பத்து நிமிட தூரத்துக்கு நான் பதிவுத் தபால் அனுப்ப ஆரம்பித்தேன்.

வெள்ளைத் தாளில் கடிதம் போனால் என் தொழிலுக்கே அவமானம். தந்த நிறத்தில் கெட்டித் தாள், சுற்றிலும் மாங்காய் பார்டர், மேலே நடுவில் நானே சுத்தம் செய்த அலமேலு. முதல் கடிதம் "பேரன்புடையீர்" என்று தொடங்கியது. ஆறாவது "ஐயா". பதினோராவதில் விளிப்பே இல்லை. ஒவ்வொன்றுக்கும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட அட்டை ஒழுங்காகத் திரும்பி வந்தது. பதில் மட்டும் வரவில்லை. தபால்காரரின் அட்டையில் கையெழுத்துப் போடுகிற மனிதருக்கு என் தாளில் ஒன்று போட்டால் கை தேய்ந்துவிடுமா? இந்தக் கேள்வியை என் கணவரிடம் தினமும் கேட்பேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்.

பதினாலாவது கடிதமும் போன பிறகு பதிப்பாளர் போன் செய்தார். மாத முடிவுக்குள் அனுமதி வராவிட்டால் படமே இல்லாமல் அச்சுக்கு அனுப்பிவிடுவாராம். நத்தையைப் பற்றிய புத்தகத்தில் நத்தை இருக்காது. நாலு வருட உழைப்பு, என் முதல் புத்தகம். மாத முடிவுக்குப் பதினைந்து நாள் இருந்தது. அன்றைக்கு அழுதேன், மறுநாளிலிருந்து எரிய ஆரம்பித்தேன்.

அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் என் நாத்தனார் மல்லிகா, தன் மகள் தேன்மொழிக்கு முகூர்த்தச் சேலை எடுக்கப் பத்துப் பேரோடு வந்து இறங்கினாள். நாலு பெரிய கடை ஏறி இறங்கியும் தேன்மொழிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஐந்தாவதாக, காமாட்சியம்மன் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், சொந்தத் தறியில் நெய்து விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். விரிப்பில் உட்கார்ந்து பத்தாவது சேலை விரித்தபோது தேன்மொழி எழுந்து நின்றாள்.

"அம்மா, இது."

செங்கல் நிறம். முந்தானை முழுக்கச் சரிகையில் சின்னச் சின்னதாக அலமேலு, குடையோடு.

"இன்னாடி இது, முகூர்த்தத்துக்கு நத்தையா? நல்லா வேகமாத்தான் போவும் உன் குடும்பம்" என்றாள் மல்லிகா.

எனக்குக் காது அடைத்தது. ஊர்ச் சுவர்களில் பார்த்த நத்தைகள், பதில் வராத பதினாலு கடிதங்கள் எல்லாம் ஒன்றாக மண்டைக்கு ஏறின. கல்லாவில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"யாரக் கேட்டு இந்த நத்தைய நெய்ஞ்சீங்க?"

அவர் நிதானமாக, "யாரையும் கேக்கலமா" என்றார்.

"அத தைரியமா வேற சொல்றீங்க."

"கேக்கறதுக்கு இன்னாமா இருக்குது?"

"இதுக்குப் பேரு திருட்டு. செய்றவனுக்குப் பேரு திருடன். வரைஞ்சவங்க செத்து அறுபது வருஷம் வரைக்கும் உரிமை அவங்க வாரிசுக்குத்தான். அதுவும் எடுத்ததுதான் எடுத்தீங்க, ஒழுங்காவாவது எடுத்தீங்களா? குடையப் பாருங்க, ஒரு கம்பி ஒடிஞ்சி தொங்கிக்கினு இருக்குது. பாத்துப் போடக்கூடத் தெரியல."

சேலை எடுக்க வந்த வேறு ஒரு குடும்பம் விரிப்பிலிருந்து எழுந்துவிட்டது. மல்லிகா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த வாரிச நீங்க எப்பனா பாத்துக்கிறீங்களாமா?"

"அந்தாளு ஒரு மனுஷனா? பதினாலு லெட்டர் போட்டேன். கல்லுக்குப் போட்டிருந்தா அதுவாவது பதில் சொல்லியிருக்கும். பெத்த தாய் பேருல ஒரு புத்தகம் வருதுன்னு சொன்னாக்கூட அசையாத ஜென்மம்."

"அந்த ஜென்மம் நான்தாம்மா" என்றார் அவர்.

என் வாய் திறந்தபடியே இருந்ததாகத் தேன்மொழி பிற்பாடு சொன்னாள். ஏகாம்பரம் எழுந்து வந்து அந்தச் சேலையை மடித்துத் தேன்மொழியின் கையில் கொடுத்தார். "பொண்ணுக்குப் புடிச்சிக்குது, குடுக்கறேன். நல்லா இருக்கட்டும். இந்தம்மாவுக்கு மட்டும் என்கிட்ட இருந்து ஒண்ணும் கெடையாது."

மாத முடிவுக்கு ஐந்து நாள் இருந்தது. அதில் மூன்று நாள் நான் அவரையே திட்டினேன். தன் பெயரை ஏன் கடை போர்டில் போட்டுக்கொள்ளவில்லை? அம்மாவின் படம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கக் கூடாதா? நாலாவது நாள் திட்டுவதற்கு எதுவும் பாக்கி இல்லாமல் போனது. விடியற்காலையில், அவர் கடைக்குக் கிளம்பும் முன், வீட்டுக்கே போய் நின்றேன். மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அது என் வாய்க்குப் பழக்கமில்லாதது.

அவர் உள்ளே கூப்பிட்டார். தறியில் ஓடும் பாவு நூலால் கட்டிய என் பதினாலு கடிதங்களையும் எடுத்து வந்து முன்னால் வைத்தார்.

"அனுமதி கேட்டு வர்ற லெட்டர். அதுலயே அனுமதி இல்லாம நத்தை. நான் இன்னானு பதில் எழுதறது?"

ஒன்றரை வருடம் அது என் கண்ணில் படவே இல்லை. "அது... சும்மா, அலங்காரத்துக்குப் போட்டது" என்றேன்.

"அத்தப்பத்திகூட ஒண்ணும் இல்லமா. ஊரே போட்டுக்குது. நான் யாரையும் கேட்டதில்ல." அவர் விரல் கடிதத்தின் மேல் இருந்த குடையைத் தொட்டது. "கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?"

உள்ளே போய் ஒரு பழைய கட்டத்தாளைக் கொண்டு வந்து விரித்தார். நத்தையம்மா கையால் போட்ட அலமேலு, என் வாழ்க்கையில் முதல்முறையாக அச்சில் இல்லாமல் நேரில் பார்க்கிறேன். குடையின் வலப்பக்கம் ஒரு கம்பி ஒடிந்து தொங்கியது. நல்ல தெளிவான கோடு.

"எங்கம்மாகிட்ட இருந்ததே ஒரு குடைதான். டிசைன் தாள் நனையாம கொண்டும்போயிக் குடுக்கணும். கம்பி ஒடிஞ்சிடுச்சி. தாள் மேல குடையப் புடிச்சிக்கினு அவங்க நனைஞ்சிக்கினு போவாங்க. அந்தக் குடைதான்மா இது. ஊர்ல எல்லாரும் நல்ல குடையாப் போட்டாங்க, அவங்களுக்குத் தெரியாது. நீ புக்கு எழுதறவ. நீயும் எங்கம்மா குடைய ரிப்பேர் பண்ணி எனக்கே அனுப்பற, பதினாலு தடவ."

பழைய இதழ்களின் மட்டமான அச்சில் அந்தக் கம்பி ஒரு கறுப்புக் கறையாகத்தான் தெரியும். ஒவ்வொரு படத்திலும், அதே இடத்தில், அதே கறை. நாற்பத்தொரு முறை மை சிந்தியது என்று நினைத்து நாற்பத்தொரு முறை நானே துடைத்தேன். அந்தப் பெண்மணியைப் பற்றி இந்த உலகத்தில் அதிகம் தெரிந்தவள் நான்தான் என்று முன்னுரையில் வேறு எழுதி வைத்திருந்தேன். அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. அவர் முதல் கடிதத்துக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் ரிப்பேர் செய்த குடைகளோடு புத்தகம் வந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்த சொற்கள் எதுவும் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவரும் லேசுப்பட்டவரு இல்லமா. ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு லெட்டருக்கும் வீட்டுல எகிறிக்கினு குதிச்சாரு" என்றார். ஏகாம்பரம் சுவரைப் பார்த்தார். என்னை மாதிரியே ஒரு மனிதர் பத்து நிமிட தூரத்தில் ஒன்றரை வருடமாகக் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

கையெழுத்துப் போட்டார், இரண்டு நிபந்தனைகளோடு. நாற்பத்தொரு படத்திலும் கம்பியைத் திரும்ப வைக்க வேண்டும். புத்தகத்தின் நாலாம் பக்கத்தில், உரிமை விவரத்துக்குக் கீழே, அவர் சொல்கிறபடி எழுத்து மாறாமல் அச்சடிக்க வேண்டும். நான் எழுதிக்கொண்டேன். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். இதுதான் அது: "படங்களில் குடைக்கம்பி ஒடிந்திருப்பது அச்சுப்பிழை அல்ல. படங்களின் உரிமையாளர் ஏகாம்பரம் திருடர் அல்லர். இரண்டையும் நூலாசிரியர் தாமதமாகத் தெரிந்துகொண்டார்."

பதிப்பாளரிடம் காட்டினேன், எப்படியாவது மறுத்துவிடுவார் என்ற ஆசையில். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்படியே போட்டுவிட்டார். புத்தகம் நன்றாகத்தான் போனது. வந்த மதிப்புரைகள் எல்லாவற்றிலும் மேற்கோள் ஒன்றுதான், நாலாம் பக்கம். முன்னூறு பக்கம் எழுதியவள் நான்! இரண்டாம் பதிப்பின்போது அந்த மூன்று வரியை எடுத்துவிடலாமா என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன். கம்பியையும் எடுத்துவிடுவாயா என்று கேட்டார். இரண்டாம் பதிப்பிலும் அந்த மூன்று வரி அப்படியே இருக்கிறது.

வீட்டில் நான் குரலை உயர்த்தினால் இப்போது யாரும் பயப்படுவதில்லை. "நாலாம் பக்கம்" என்கிறார்கள், அவ்வளவுதான். தேன்மொழியின் மூன்று வயதுப் பெண்கூடச் சொல்கிறது. போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், மாடிக்குத் தூக்கி வர முடியாது என்று படிக்கட்டிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து என் கணவர் "நாலாம் பக்கம்" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "உங்க பேரு இன்னாங்க, யாரு வீட்டுப் புள்ள நீங்க?" என்று மரியாதையாக விசாரித்தேன். சொன்னார். அவர் கையெழுத்து எனக்கு எதற்கும் தேவைப்படாது என்று நன்றாக யோசித்து உறுதி செய்துகொண்டேன். அதன்பிறகுதான் கத்தினேன்.