முதல் சொல்லுக்கு நான் வைத்த பந்தயம்

என் மகன் ஜாரெல் வாய் திறந்து சொல்லப்போகும் முதல் சொல் 'டாடா'வாகத்தான் இருக்க வேண்டும் என்று ஈஸ்டருக்கு மறுநாள் முடிவு செய்தேன். அவனுக்கு அப்போது ஒன்பது மாதம். டெல்லாவைக் கட்டிக்கொண்ட இந்தப் பதினோரு வருஷத்தில், நானாக ஒரு முடிவு எடுத்தது அன்றைக்குத்தான்.

டெல்லாவுக்கு எங்கள் மலையூர் சுகாதார நிலையத்தில் வேலை. ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை. பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தங்கள் பிள்ளையோடு பேசக் கற்றுக்கொடுக்கிறாள். இதை அவள் முதன்முதலில் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"பொம்பளைங்களுக்குப் பேசக் கத்துக்குடுக்கிறியா? கொஞ்சம் நிறுத்தக் கத்துக்குடுத்தா ஊரே உன்னைக் கும்பிடுமே."

"பெரியவங்ககிட்ட எல்லாம் நல்லாத்தான் பேசுறாங்க குளோவிஸ். கைக்குழந்தைகிட்ட பேசத்தான் வெட்கப்படுறாங்க. பதில் சொல்லாத பிள்ளைகிட்ட பேசினா, இவளுக்குக் கழண்டு போச்சுன்னு அக்கம்பக்கம் சிரிக்குமாம்."

"சிரிக்கத்தானே செய்யும்."

"டனீஷாவைத் தெரியுமில்ல? பத்தொன்பது வயசு. பிள்ளைக்கு எட்டு மாசம் முடிஞ்சிருச்சு. அதுகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேங்குறா. பிள்ளையும் சத்தமே போடமாட்டேங்குது. நானும் பாட்டிலுக்குள்ள கூழாங்கல்லைப் போட்டுக் கிலுகிலுப்பை பண்ணிக் குடுத்தேன், பால் டப்பா அட்டையில படப்புத்தகம் பண்ணிக் குடுத்தேன். எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிறா. வாயைத்தான் திறக்கமாட்டேங்குறா."

அன்றைக்கு அவள் சீமைப்பலாவைச் சுட்டு வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து நான் ஓட்டிப் பிழைக்கும் வாடகைக் காரின் எஞ்சின் படுத்துவிட்டது. மெக்கானிக் அதைக் கழற்றித் தரையில் பரப்பிவைத்துவிட்டு, இன்னொரு எஞ்சின் தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து வரவேண்டும் என்றான். வரும், வரும் என்று மூன்று மாதம் சொன்னான். நான் வீட்டில், பிள்ளை என் மடியில், டெல்லா வேலைக்கு.

சுகாதார நிலையம் எங்கள் வீட்டு வராந்தாவுக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் ஒரு வறண்ட ஓடை. சாலை வழியாகச் சுற்றிப்போனால் இருபது நிமிஷம். குரல் கொடுத்தால் உடனே கேட்கும். அதற்கெல்லாம் போனை எடுத்தால் எங்கள் ஊரில் தொண்டைக்கு என்ன கேடு என்று கேட்பார்கள்.

பந்தயத்தை ஆரம்பித்தது நான்தான்.

"டெல்லா, இவன் முதல்ல டாடான்னு சொன்னா, நான் தினமும் சாயங்காலம் டாமினோ ஆடப் போவேன். ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது."

அப்போது எனக்குச் சனிக்கிழமை மட்டும்தான் அனுமதி.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "இல்லேன்னா?"

"நீயே சொல்லு."

"வியாழக்கிழமை தாய்மார் வகுப்புல வந்து முன்வரிசையில உக்காரணும். ஒரு வருஷம்."

"சரி."

"அப்ப இவன் முதல்ல யாரைக் கூப்பிடுறானோ, அவங்க ஜெயிச்சாங்க. சரிதானே?"

"சரிதான்," என்றேன். அவள் அந்த வாக்கியத்தை எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சொன்னாள் என்பது எனக்கு ஜூலையில்தான் புரிந்தது.

பயிற்சியைத் தொடங்கினேன். காலையில் கண் விழித்ததும் 'டாடா'. சோளமாவுக் கஞ்சி ஊட்டும்போது கரண்டிக்கு ஒரு 'டாடா'. குளிப்பாட்டும்போது, துடைக்கும்போது, அவன் பல்லியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'டாடா, டாடா, டாடா, சொல்லுடா, டாடா.' ஒரு நாளைக்கு முந்நூறுக்குக் குறையாது. அவன் என்னை ஏற இறங்கப் பார்ப்பான். பிறகு பல்லியைப் பார்ப்பான்.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு வினோதம் நடந்தது. வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லை. திங்கட்கிழமை கஞ்சி ஸ்பூனைக் காணவில்லை. செவ்வாய்க்கிழமை பவுடர் டப்பா. புதன்கிழமை பிள்ளையின் நீலத் தொப்பி. பிள்ளை பசியில் அலறும்போது நான் என்ன செய்வேன்? அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி, ஓடையைப் பார்த்துக் கத்துவேன்.

"டெல்லாஆஆ!"

எதிரே சன்னல் திறக்கும். டெல்லா தலையை நீட்டிக் கையை ஆட்டுவாள்.

"என்ன கண்ணூ?"

"ஸ்பூன் எங்கேஏ?"

"கஞ்சிச் சட்டிக்குள்ளேஏ!"

இப்படி ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, இருபது தடவை. அவள் குரல் வந்ததும் ஜாரெல் என் இடுப்பில் எம்பி எம்பிக் குதிப்பான். நான் அதைப் பசி என்று நினைத்தேன்.

டாமினோ கூட்டாளி பிக்ஸிடம் சொன்னேன்.

"வீட்டுல பொருள் தானா நகருதுப்பா."

பிக்ஸ் கையில் இருந்த காய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டான். "ஸ்பூன் மட்டுமா?"

"பவுடர், தொப்பி, நாப்கின். நேத்து என் இடது கால் செருப்பு."

"பேய்தான். செருப்புல ஒத்தைக் காலை எடுத்துட்டுப் போச்சுன்னா சந்தேகமே இல்ல. நாலு மூலையிலயும் வெள்ளை ரம் தெளி. மிச்சத்தை இங்க கொண்டு வா."

தெளித்தேன். மிச்சத்தையும் கொண்டு போனேன். மறுநாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தைக் காணவில்லை.

ஜூலை மாதம், இரண்டாவது வியாழக்கிழமை. ஜாரெல் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து நின்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊட்டிக் கொண்டாடலாம் என்று பார்த்தால் ஸ்பூன் மறுபடியும் மாயம். கத்துவதற்காக மூச்சை இழுத்தேன். அதற்குள் அவன் ஓடையைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"டெ..."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாடா ராஜா, இன்னும் கொஞ்சம் வாடா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"டெல்லா," என்றான்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான், பதில் வந்தாக வேண்டும் என்கிற மாதிரி. எதிரே எல்லாச் சன்னல்களும் ஒரே சமயத்தில் திறந்தன. சன்னலுக்கு நாலு தலை, எல்லாம் அன்றைக்கு வகுப்புக்கு வந்த தாய்மார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். "என்ன கண்ணூ?" என்ற டெல்லாவின் குரல் பாதியில் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது. தோற்றவன் அழுதான் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பேன். என் பிள்ளை பேசிவிட்டான் என்றுதான் அழுதேன்.

சாயங்காலம் அவள் வந்ததும் சண்டைக்குத் தயாரானேன்.

"செல்லாது. மம்மின்னு சொல்லலையே."

"பந்தயம் என்ன? யாரைக் கூப்பிடுறானோ அவங்க. யாரைக் கூப்பிட்டான்?"

நான் பேச்சை மாற்றினேன். "மூணு மாசமா தினம் முந்நூறு தடவை டாடா சொன்னேனே. அது எங்க போச்சு?"

"நீ மூச்சு விடாம சொன்ன. அவன் பல்லியைப் பாத்துக்கிட்டிருந்தா நீ டாடாங்குற. அவன் பதிலுக்கு ஒரு சத்தம் போட வந்தா, அதுக்குள்ள இன்னொரு டாடா. என்னைக் கூப்பிடும்போது மட்டும்தான் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாயை மூடிக் காத்திருந்த. நான் வந்து முகத்தைக் காட்டுனேன், பதில் சொன்னேன். அவன் அதைப் பிடிச்சுக்கிட்டான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஸ்பூனை ஒளிச்சு வெச்சது நீயா?"

"ஒளிக்கலையே. இடம் மாத்தி வெச்சேன்."

"என் செருப்பு?"

"அதுக்கு முந்தின நாள் நீ ரொம்ப அமைதியா இருந்த."

"நான் ரம் எல்லாம் தெளிச்சேனே."

"வாசனை வந்துது. தரையில இருந்து கொஞ்சம், உன்கிட்ட இருந்து நிறைய."

நான் சிரித்துவிட்டேன். என்ன செய்வது? எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே கெட்டிக்காரி இவள்தான். அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பதினாறு பெண்கள், பதினாறு குழந்தைகள், முன்வரிசையில் நான். டெல்லா பலகைக்கு முன்னால் நின்றாள்.

"இவரைத் தனியா அறிமுகப்படுத்த வேண்டியதில்ல. ஈஸ்டர்ல இருந்து நமக்கு அந்த வராந்தாவுல பாடம் நடத்தினவர் இவர்தான். பிள்ளை எதைப் பாக்குதோ அதோட பேரைச் சொல்லணும், நிறுத்தணும், காத்திருக்கணும். எல்லாம் இவரைப் பாத்துத்தான் கத்துக்கிட்டோம். ஊரே கேக்கக் கத்துறதுக்கு ஒரு ஆம்பளையே வெட்கப்படலேன்னா, நமக்கு என்ன வெட்கம்?"

பக்கத்தில் டனீஷா உட்கார்ந்திருந்தாள். அவள் தன் பிள்ளையின் முகத்தருகே குனிந்து, "பாரு, குளோவிஸ் மாமா வந்திருக்காரு," என்றாள். நிறுத்தினாள். காத்திருந்தாள். அந்தக் குழந்தை என்னைப் பார்த்து, "ஆ," என்றது. டனீஷா அதற்கு, "ஆமா, மாமாதான்," என்று பதில் சொன்னாள். டெல்லா சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒன்றும் எழுதாத இடத்தை வெகுநேரம் துடைத்தாள்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று மாதம் நான் கத்தியது வீண் போகவில்லை, ஒரு ஊருக்கே ஆசிரியராகிவிட்டேன் என்று எழுந்து நின்று நாலு வார்த்தை பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

பதினாறு பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"ஸ்பூன் கிடைச்சுதா அண்ணே?"