தலை எண்ணும் புதன்

ஆறு தலை குறைந்தது.

வெர்னன் டில்லட்சன் இன்னொரு முறை வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்தார். குறைந்தது குறைந்ததுதான். கரடி படம் போட்ட பைஜாமாவோடு தலைமையாசிரியர் தாழ்வாரத்தில் தலையில் கை வைத்து நிற்பதைப் பார்த்து, பைஜாமாவோடு வந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

மிச்சிகனில் அக்டோபர் மாதத்து முதல் புதன் தலை எண்ணும் நாள். அன்றைக்கு வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அரசு தரும் பணத்துக்கு அவர்கள்தான் கணக்கு. ஒரு பிள்ளை தும்மினால் பள்ளிக்கே ஜுரம் வந்துவிடும். பைஜாமா தினம், பீட்சா விருந்து எல்லாம் அதற்காகத்தான்.

வெர்னனுக்கு மற்றவர்களைவிட ஜுரம் அதிகம். அவருடையது சார்ட்டர் பள்ளி. நடத்துவது இவர்கள், அனுமதி கொடுத்துக் கண்காணிப்பது ஒரு பல்கலைக்கழகம். போன வசந்தத்தில் பல்கலைக்கழகத்துக் கூட்டத்தில் யாரும் கேட்காமலே எழுந்து, வருஷா வருஷம் வளருவோம் என்று ஓர் எண்ணிக்கையும் சொல்லிவிட்டு வந்திருந்தார். சின்னப் பள்ளியாகவே இருந்துவிடுகிறோம் என்றிருந்தால் தலையாட்டியிருப்பார்கள். வாய் சும்மா இருந்ததா? இப்போது சொன்ன எண்ணிக்கை வராவிட்டால் அனுமதி நீளாது. ஜூனில் பூட்டு.

வாசலில் மணி அடித்தது.

அலுவலகப் பெண் பீட்சா வாங்கப் போயிருந்தாள். வெர்னனே கதவைத் திறந்தார். சாம்பல் நிறக் கோட்டு, தோளில் கனத்த பை, சிரிக்காத முகம். ஒரு பெண்மணி.

"பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்திருக்கேன்," என்றாள். பெயரும் சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஆள் அனுப்புவோம் என்று பல்கலைக்கழகம் எச்சரித்தது மட்டும் ஏறியது.

அவளைக் காப்பியோடு அறையில் உட்காரவைத்துவிட்டு உடற்பயிற்சி ஆசிரியை ரோக்மோரிடம் ஓடினார்.

"முதல் வகுப்பிலேருந்து ஆறு பிள்ளைங்களை மட்டும் பின்பக்கமா கடைசி ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. அங்கயும் ஒரு தடவை எண்ணிக்கட்டும்."

"வெர்னன், இது சரியில்ல."

"எனக்கும் தெரியும். போம்மா."

கட்டடம் ஒரு காலத்தில் மரச்சாமான் கடை. சோபா ஏற்றி இறக்கிய நீண்ட பாதை ஒன்று எல்லா அறைகளுக்கும் பின்னால் ஓடும். ரோக்மோர் ஆறு பேரை எழுப்பினாள். கடைசி அறையில் பீட்சா வந்துவிட்டது என்று எவனோ கிளப்பிவிட, வகுப்பு மொத்தமும் அவள் பின்னால் ஓடியது.

வெர்னன் பெருமையாக முதல் வகுப்புக் கதவைத் திறந்தார். உள்ளே ஆசிரியை மட்டும் இருந்தாள்.

பிள்ளைகள் நூலகத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றார். நூலகம் எங்கே என்று அவள் கேட்டாள். நூலகம் இருந்தால்தானே? அடுத்த அறையைப் பார்க்கலாம் என்று அவளைத் திருப்பிக்கொண்டே, பின்வாசலில் எட்டிப் பார்த்த ரோக்மோருக்கு அவள் முதுகுக்குப் பின்னால் கை ஆட்டினார். கூட்டிக்கொண்டு வா என்று அதற்கு அர்த்தம். எல்லாரையும் என்று ரோக்மோர் புரிந்துகொண்டாள்.

இரண்டாம் அறையில் கூட்டம் நெரிந்தது. நாற்காலிக்கு இரண்டு பேர். கையில் பச்சை மாவுக்கட்டுப் போட்ட டேட்டம் என்ற சிறுமி வந்தவளுக்குக் கட்டை ஆட்டி வணக்கம் சொன்னாள்.

மூன்றாம் அறையிலும் பச்சைக் கட்டு ஆடியது. இந்த முறை கொஞ்சம் மூச்சு வாங்கியது.

வந்தவள் நடந்துகொண்டே கேள்வி கேட்டாள். இங்கே வருகிற பிள்ளைகள் நிலைத்துத் தங்குகிறார்களா? முரண்டு பிடிக்கிற பிள்ளையை வருஷ நடுவில் வெளியே அனுப்புவீர்களா? சரியான கண்காணிப்புக் கேள்விகள். வெர்னனின் கரடிகள் வியர்வையில் நனைந்தன. யாரையும் அனுப்பியதில்லை என்றார். அது உண்மைதான். உண்மை அன்றைக்கு அவர் வாயிலிருந்தே பொய் மாதிரி வந்தது.

நான்காம் அறைக் கதவைத் திறந்தபோது பிள்ளைகள் அப்போதுதான் பின்வாசல் வழியாக விழுந்தடித்து வந்துகொண்டிருந்தார்கள். டேட்டம் முன்னால் வந்து நின்றாள்.

"சார், இங்க உக்காரட்டுமா, இல்ல அடுத்த ரூமுக்கு ஓடணுமா? எனக்குக் கை வலிக்குது."

யாரும் சிரிக்கவில்லை.

வெர்னன் குனிந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு வந்தவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் விட்ட ஜம்பம், குறைகிற ஆறு தலை, பின்பக்கப் பாதை.

"நல்லா சொல்லித் தர்ற பள்ளிக்கூடம்தாம்மா இது. இன்னிக்கு மட்டும் நான் சொல்லித் தரல, எண்ணிக்கிட்டு இருந்துட்டேன்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தாலாவது தேவலை.

"ஓடி ஓடி அலுத்துப்போன பிள்ளைங்களை எனக்குத் தெரியும் சார். ஒரு இடத்துல நிம்மதியா உக்கார வைக்கிறதுதானே பள்ளிக்கூடம்? நீங்களும் ஓட விடுறீங்களே."

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பீட்சா வந்து சேர்ந்தபோது ஆறிப்போயிருந்தது. வெர்னன் சுவரோரம் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்து ஆள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள், எல்லாம் முடிந்தது என்றார். ரோக்மோர் ஆறுதலுக்கு ஒரு துண்டு நீட்டினாள்.

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, பிள்ளைகளைச் சாலை தாண்டவைக்கும் கிழவர் லிராய் உள்ளே வந்தார்.

"ஏன் சார் அந்தக் கோட்டுப் போட்ட அம்மாவுக்கு இடமில்லைன்னுட்டீங்க? வீடு வீடா மாத்தி விடப்பட்ட ஆறு பிள்ளைங்களைத் தன்கிட்ட வளக்க எடுத்து, இங்க சேக்கலாம்னு வேன்ல உக்கார வச்சிருந்தாங்க. இப்ப எங்கிட்ட வேற பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டுட்டுப் போறாங்க."