திறம் மாஸ்டரின் ஏச்சு

அந்தக் காலத்தில் திருகோணமலையில் கார் ஓட்டப் பழகியவர்களில் ஒருவர்கூட மோசமான ஓட்டுநர் இல்லை. இதைச் சொன்னவர் திறம் மாஸ்டர். பழக்கியவரும் அவர்தான். உவர்மலை இறக்கத்தில் இடிபட்டு நின்ற மதில்களின் சொந்தக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். யாரும் அதைக் கேட்டதில்லை. கார்க் கதவைத் திறந்தால் “திறம்!” என்று மெச்சுவார். சாத்தினால் “நல்ல திறம்!” என்பார். ஒருமுறை கந்தோர்க் கிளாக்கர் ஒருவர் காரை மீன் சந்தைக்குள் விட்டு, மீன்காரி ஒருத்தியின் கூடைச் சூடை மீனைச் சம்பலாக்கிவிட்டார். மாஸ்டர் அவருடைய முதுகில் தட்டி, “அந்த மனிசியில படாமல் வெட்டி எடுத்தியள் பாருங்கோ, அதுதான் கெட்டித்தனம்!” என்றார். அந்த மனிசி சொன்னதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

“பிழையைச் சொன்னால் மனிசன் சுருங்கிப்போவான், தம்பி. நல்லதைச் சொல்லச் சொல்ல, பிழை தானாப் போயிடும்” என்பது அவருடைய கொள்கை. பிழை போகவில்லை. மாணவர்கள்தான் லைசென்ஸ் சோதனைக்குப் போய், தேறாமல், மறுபடி அவரிடமே வந்தார்கள். ஒருவருக்கும் அவர்மேல் கோபமில்லை. வீட்டிலும் வேலையிலும் நாள் முழுக்க ஏச்சு வாங்குகிற ஆளுக்கு, அரை மணித்தியாலம் கெட்டிக்காரனாக இருக்கக் கிடைப்பது லேசான காரியமா?

நான் அப்போது துறைமுகத்தில் தொழிலாளரை ஏற்றி இறக்கும் லோஞ்ச் படகில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த லோஞ்ச் சேவையை நிறுத்தப்போகிறோம் என்று மேலிடம் அறிவித்தது. லைசென்ஸ் உள்ளவனுக்கு லொறி, இல்லாதவனுக்குக் கொழும்புக்கு மாற்றம். என் மனைவி சாம்பல்தீவுக்காரி. “நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் இந்தக் கடலை விட்டு ஓரிடமும் வரமாட்டன்” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். ஆகவே நான் திறம் மாஸ்டரிடம் போனேன்.

எனக்கு ஒரேயொரு பழக்கம் இருந்தது. லோஞ்சை ஜெட்டியோடு சேர்த்து அணைக்கும்போது, கொஞ்சம் தள்ளி வைத்தே எஞ்சினை நிறுத்திவிடுவோம். மிச்சத் தூரத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். காரையும் நான் அப்படியே நிறுத்தினேன். தூரத்தில் வைத்தே கியரை எடுத்து, சாவியைத் திருப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். மாஸ்டர் சொக்கிப்போவார். “ஆகா, ஒரு குலுக்கம் இல்லை! பூப்போல அணைக்கிறியள் தம்பி!”

சோதனை நாளில் இன்ஸ்பெக்டர், “அந்த வேப்பமரத்தடியில நிப்பாட்டும்” என்றார். பூப்போல அணைத்தேன். தார் ரோட்டில் தண்ணீர் இல்லை. வேப்பமரம் எங்களைக் கடந்து பின்னால் போனது. கடைசியில் ஒரு மணற் குவியல்தான் எங்களை ஏற்றுக்கொண்டது.

“ஏன் காணும் எஞ்சினை நிப்பாட்டினீர்?”

“அணைக்கிறதுக்கு, சேர்.”

“காரில பிரேக் எண்டொரு சாமான் இருக்கு, தெரியுமோ?”

லோஞ்ச் சேவை நிற்பதற்குள் இன்னும் ஒரு சோதனைதான் மிச்சம். நேரே மாஸ்டரிடம் போனேன். “ஏன் மாஸ்டர் அது பிழையெண்டு ஒருக்காலும் சொல்லேல்லை? நான் இனிப் பெண்சாதியை விட்டிட்டுக் கொழும்புக்குப் போறதே?”

“எனக்கு ஏலாது தம்பி. வாய் வராது” என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: “ஏசுறதெண்டால்... எப்பிடித் தொடங்கிறது?”

சரியான ஆளிடம்தான் கேட்டார். கொட்டியாரக் குடாவில் குறுக்கே வரும் தோணிக்காரரைப் பத்து வருடம் ஏசிப் பழகிய வாய் என்னுடையது. பாடம் தொடங்கியது.

“தம்பி, நீங்கள் செய்தது... அவ்வளவு திறமில்லை.”

“சத்தமா, மாஸ்டர்.”

“அவ்வளவு திறமில்லை!”

“திறம், மாஸ்டர்!” என்றேன். அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இப்படியே நான் பாராட்ட, அவர் ஏசப் பழகினார். ஆனால் அந்த ஏச்சைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கை வழக்கம்போலச் சாவிக்கே போகும்.

இரண்டாம் சோதனைக்கு மூன்று நாள் இருந்தது. உவர்மலை இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். கீழே, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வரிசையாக ரோட்டைக் கடந்தார்கள். நான் சாவியைத் திருப்பிவிட்டேன்.

“டேய்! பிரேக்கை மிதியடா மடையா! பிள்ளையளடா!”

மிதித்தேன். கார் நின்றது. பிள்ளைகள் எங்களைத் திரும்பியும் பாராமல் கதைத்துக்கொண்டே போனார்கள்.

“தம்பி, உங்களை நான் ‘டேய்’ எண்டிட்டன்.”

“ஓம் மாஸ்டர்.”

“மடையன் எண்டும் சொல்லிட்டன். குறை நினையாதேங்கோ.”

அதன்பிறகு என் கை ஒருநாளும் முன்கூட்டிச் சாவிக்குப் போகவில்லை. சோதனையில் தேறினேன், லொறி கிடைத்தது, மனைவிக்குக் கடலும் மிஞ்சியது. படிப்பிப்பதற்குப் பாராட்டு மட்டும் போதுமா, கண்டிப்பும் வேண்டுமா என்று பெரியவர்கள் கூட்டம் போட்டு விவாதிக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எந்த நாளும் ஏசுகிறவன் அந்த இறக்கத்தில் கத்தியிருந்தால், நான் திரும்பி அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

மாஸ்டர் திருந்தவில்லை. அடுத்த மாணவன் விளக்குக் கம்பத்தில் முட்டியபோது, “சரி நடுவில பிடிச்சியள், திறம்!” என்றார். ஆனால் எப்போதாவது என் லொறியில் ஏறினால் மட்டும், இறங்கும்போது கதவைப் பிடித்தபடி, “தம்பி, திரும்பேக்க நீங்கள் கண்ணாடி பார்க்கேல்லை” என்று தணிந்த குரலில் சொல்வார். ஊர் முழுவதையும் பாராட்டிய மனிதர் பிழை சொன்னது எனக்கு ஒருவனுக்குத்தான். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நான் நன்றாக ஓட்டுகிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேட்க ஒரு சந்தோஷமும் இல்லை.